விமலாதேவியின் ஆட்சேபனைகள்

ஆறாவது கூட்டத்துக்குச் சமூகமளித்தோர் மூவர். முதலாமவர் விக்னராஜா, வயது ஐம்பத்தாறு. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில், வேலியோரம் விட்டிருந்த தன் பழைய வெள்ளைக் காரின் சாரதி இருக்கையில் இருந்தார். இரண்டாமவர் அவருடைய மனைவி விமலாதேவி, வயது ஐம்பத்திரண்டு. அதே காரின் பின் இருக்கையில், இடப்பக்கக் கதவோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாமவர் வெங்கட்ராமன், பதிவு பெற்ற உளநல சமூகப் பணியாளர். மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில், தன் வீட்டு மாடியறை மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அவர், காருக்குள் வந்து சேர்ந்தது காற்றுத்துவாரத்தில் கவ்வி வைத்திருந்த போன் திரையின் வழியாக. முன் இடது இருக்கை காலி. கிழமை புதன், நேரம் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

இவ்வளவையும் விக்னராஜா கொப்பியில் எழுதி முடிக்கும் வரைக்கும் மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

எழுதாமல் அவருக்கு ஒரு காரியமும் ஓடாது. ஊரில் பதினொரு வருடம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். வலை கிழிந்தாலும் கூட்டம், ஐஸ் வராவிட்டாலும் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அறிக்கை எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்து கையொப்பமிட்டால்தான் நடந்தது நடந்ததாக ஆகும். படகேறி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. முகாமில் கூட இருந்தவர்களுக்கும், பிறகு வாடகை வீடுகளில் கூட இருந்தவர்களுக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கான கடிதமெல்லாம் அவர்தான் எழுதிக் கொடுத்தார்.

நித்திரை வராத வருத்தத்துக்கு டொக்டர் மருந்து தராமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, "ஆரோடயாவது கதையுங்கோ" என்றபோது, விக்னராஜா ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எங்கட சனம் வேண்டாம் டொக்டர். இண்டைக்குச் சொன்னா நாளைக்கு வென்ட்வேர்த்வில் மரக்கறிக் கடையில கேப்பினம்."

அப்படித்தான் இந்தியத் தமிழரான வெங்கட்ராமன் கிடைத்தார். முதல் நாளே விக்னராஜா அவருடைய பதிவிலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். வெங்கட்ராமன் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். கொப்பியில் அவர் தலைவர் ஆனார், விக்னராஜா செயலாளர். புதன்கிழமைகளில் கோயில் முற்றம் வெறிச்சென்றிருக்கும் என்பதால் கூட்டம் இங்கே. வீட்டில் நடத்த வழியில்லை. வீடென்பது யோகேஸ்வரன் குடும்பத்தோடு பங்கு போட்ட ஒரு அறையும் பாதிக் குசினியும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டு வரலாம். அந்த யோகேஸ்வரன் ஒரு புதன்கிழமை அர்ச்சனைக்கு வந்தவன், காருக்குள் இவரைக் கண்டுவிட்டு வீட்டில் வைத்துக் கேட்டான்:

"அண்ணை, ஊரிலயிருந்து அக்காவையும் கூப்பிட்டு எடுத்தாச்சு. இனியும் காருக்குள்ள ஒளிச்சிருந்து ஆரோட கதை?"

"இன்சூரன்ஸ்காரனோட" என்றார் விக்னராஜா.

ஐந்து கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஐந்துக்கும் அறிக்கை எழுதினார். ஆர் என்ன சொன்னார், என்ன தீர்மானிக்கப்பட்டது எல்லாம் இலக்கமிட்டு, வஞ்சகமில்லாமல். எழுதிய கொப்பியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற யோசனை மட்டும் வரவில்லை. சங்கக் கொப்பியை எவரும் பூட்டி வைப்பதில்லை. கேட்கிற அங்கத்தவருக்குக் காட்டுவதற்குத்தானே அது.

போன ஞாயிற்றுக்கிழமை விமலாதேவி பாஸ்போட் எடுக்க அலுமாரி லாச்சியைத் திறந்தாள். அண்ணன் மகளின் கலியாணத்துக்கு அடுத்த வெள்ளி ஊருக்குப் போகிறாள். பாஸ்போட்டுக்குக் கீழே கொப்பி இருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, நின்ற நிலையிலேயே ஐந்து கூட்டங்களையும் வாசித்து முடித்தாள். சோறு குழைந்துபோனது.

அவள் சண்டை பிடித்திருந்தால் விக்னராஜாவுக்கு லேசாக இருந்திருக்கும். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ஓரங்களில் பேனையால் எழுதியிருந்தது. 'தவறு.' 'இப்படி நான் சொல்லவில்லை.' 'ஆர் கண்டது?' ஐந்தாவது கூட்டத்தின் ஏழாவது அம்சத்துக்கு நேரே எழுத்தில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும், தாள் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி.

ஊரில் மாதர் சங்கத்தில் நாலு வருடம் இருந்தவளுக்குச் சட்டம் தெரியும். அறிக்கையில் பிழை கண்ட அங்கத்தவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து ஆட்சேபிக்கலாம். புதன்கிழமை விக்னராஜா கார்த் திறப்பை எடுத்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் இல்லாத கூட்டத்தில என்னைப் பற்றி அஞ்சு நாள் கதைச்சிருக்கிறியள். நானும் வாறன்."

காரில் பின்கதவைத் திறந்து ஏறினாள். முன்னுக்கு இரும் என்றதற்கு, "உங்கட முகம் தெரிஞ்சா எனக்குக் கதை வராது" என்றாள்.

வெங்கட்ராமனுக்கு விக்னராஜா அன்றைய ஆறாவது ஆள். கண்ணைக் கசக்கி, காப்பியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, பின் இருக்கையைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வணக்கம்மா. இவங்க வர்றதுல உங்களுக்குச் சம்மதம்தானா சார்?"

"ஓம் சேர். ஆட்சேபனை சொல்ல வந்திருக்கிறா. அனுமதிக்கிறது முறை."

"ஆட்சேபனையா?"

விமலாதேவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். முன்னால் கையை நீட்டினாள். விக்னராஜா கொப்பியைக் கொடுத்தார்.

"ரெண்டாவது கூட்டம், நாலாம் அம்சம். 'மனைவிக்கு இந்த நாடு பிடிக்கவில்லை எனச் செயலாளர் தெரிவித்தார்.' நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"சொல்லேல்லை" என்றார் விக்னராஜா காரின் முன்கண்ணாடியைப் பார்த்து. "முகத்தில தெரிஞ்சது."

"முகத்தைப் பாத்தோ அறிக்கை எழுதுறது? சங்கத்திலயும் இப்பிடித்தான் எழுதினனீங்களோ? பாவம் அந்தச் சனம். இந்த நாட்டை நான் கண்டனானோ பிடிக்காமல் போக? குசினி தெரியும், கோயில் தெரியும், மரக்கறிக் கடை தெரியும். எட்டு மாசமா அவ்வளவுதான்."

"அம்மா, நீங்க சொல்ல வர்றது என்னன்னா..." என்று வெங்கட்ராமன் தொடங்கினார்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. நான் வரிசையா வாறன்." பக்கத்தைப் புரட்டினாள். "மூண்டாவது கூட்டம், ரெண்டாம் அம்சம். 'மனைவி தன்னுடன் கதைப்பதில்லை.' இது சுத்தப் பொய். நேற்றைக்கு முப்பத்தைஞ்சு நிமிசம் கதைச்சனாங்கள். முந்தநாள் நாப்பது. போன்ல எல்லாம் கிடக்கு, வேணுமெண்டாப் பாருங்கோ."

வெங்கட்ராமன் கோப்பையைக் கீழே வைத்தார். "போன்லயா? நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

கோயில் கூரையில் இருந்த புறாவொன்று பறந்துபோய் வேலியில் இருந்தது.

விக்னராஜாதான் சொன்னார், நிதானமாக, ஒவ்வொன்றாய். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற தொழிற்சாலையில் விடிய ஐந்து மணிக்கு வேலை. ஒன்றரைக்கு முடியும். முடிந்ததும் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் போன் எடுப்பார். பதின்மூன்று வருடம் எடுத்த அதே நேரம். முன்பு ஊரில் அது காலை, அவள் கிணற்றடியில் இருந்து வந்து எடுப்பாள். இப்போது பத்து நிமிடக் கார் ஓட்டத் தூரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கிறாள். இன்றைக்கு எத்தனை வண்டில் துணி, யோகேஸ்வரன் மனைவி உப்புப் போத்தலை எங்கே ஒளித்தாள், ஊரில் ஆர் செத்தது, எல்லாம் கதைப்பார்கள். சிரிப்பார்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போவார். அவள் சோறு போடுவாள். "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" "காணும்." அவ்வளவுதான் அன்றைய மிச்சப் பேச்சு.

"இத அஞ்சு செஷன்ல நீங்க சொல்லவே இல்லையே சார்."

"நீங்கள் கேக்கேல்லையே சேர்."

வெங்கட்ராமன் நெற்றியைத் தேய்த்தார். களைத்துப்போன மனிதர்தான், ஆனாலும் நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "வீடியோ கால் பேசுவீங்களா அந்தக் காலத்துல?"

"இல்லை" என்றாள் விமலாதேவி. "முகம் கண்டா அழுகை வரும். அழுதா நேரம் போயிடும். அதால ரெண்டு பேருமே வேண்டாமெண்டு விட்டனாங்கள். பிளேனால இறங்கேக்க ஒரு நரைச்ச மனிசன் பூக்கொத்தோட நிண்டது. எனக்குக் கதைக்க வெக்கமாக் கிடந்தது."

"எனக்கும்" என்றார் விக்னராஜா.

"அதை ஏன் எழுதேல்லை?"

விமலாதேவி ஐந்தாவது கூட்டத்தைத் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"ஏழாம் அம்சம். 'மனைவி ஒருவழிப் பயணச்சீட்டு எடுத்துள்ளார். அவர் திரும்பி வரமாட்டார் எனச் செயலாளர் கருதுகிறார். இதுபற்றி மனைவியிடமே கேட்பது எனத் தீர்மானிக்கப்பட்டது.'" கொப்பியை மூடினாள். "தீர்மானிச்சு ஒரு கிழமை. நான் ஏற இன்னும் ஒன்பது நாள். எப்ப கேக்கிறதா உத்தேசம்? பிளேன் எழும்பினாப் பிறகோ?"

விக்னராஜா இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தார். இந்த ஒன்றைக் கேட்கத்தான் முடியாமல் அவர் இரண்டு மாதமாய் நித்திரை இல்லாமல் கிடக்கிறார். கேட்டால் அவள் 'வரமாட்டன்' என்று சொல்லிவிடலாம். கேட்காவிட்டால் அவள் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் போனில், மெதுவாக, இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயமாக அது ஆகிவிடும். உதவி கேட்டுத் திரையைப் பார்த்தார்.

வெங்கட்ராமன் அசையாமல் இருந்தார். வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கை அந்தரத்தில். விக்னராஜா அவர் யோசிக்கிறார் என்று நினைத்து மரியாதையோடு காத்திருந்தார். ஒரு நிமிடம் போனது.

"அவர் நிண்டுபோனார்" என்றாள் பின்னாலிருந்து விமலாதேவி. "லைன் போயிட்டுது."

இப்போது காருக்குள் இரண்டு பேர். வாயடைத்த தலைவர் ஒருவர். அவள் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முன்கண்ணாடியில் புறா எச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றுக்கோப்பைக்கு முன்னால் வருகிற அதே மௌனம் வந்து இருவருக்கும் நடுவில் குந்தியது. வென்ட்வேர்த்வில் அறையிலிருந்து அதுவும் காரேறி வந்திருக்கிறது.

கைப்பை ஸிப் இழுபடும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் வெங்கட்ராமனின் முகம் மறைந்து, திரையில் 'விமலா' என்று எழுத்து வந்து போன் அடித்தது.

விக்னராஜா திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் கழற்றிக் காதில் வைத்தார்.

"ஹலோ."

"சாப்பிட்டீங்களோ?" என்றாள் அவள். அப்படித்தான் பதின்மூன்று வருடமும் தொடங்குவாள்.

"ஓம். பாணும் சம்பலும்."

"கேளுங்கோ இப்ப."

போன் காதில் இருக்கும்போது சொல் வருகிறது, அது அவருக்கே விளங்காத சங்கதி.

"நீர் திரும்பி வருவீரோ?"

"அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கிறன். ஒருவழி டிக்கெற் எடுத்தண்டைக்கே கண்டனீங்கள். ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"பயம்."

"என்ன பயம்?"

"வீசாவுக்குப் பதினொரு பக்கம் எழுதினன், விமலா. எங்கட உறவு உண்மையானது, தொடர்ச்சியானது எண்டு. ஒரு வரி பொய் எழுதேல்லை. அவங்கள் நம்பினாங்கள். நீர் வந்து அறைக்குள்ள இருந்து என்ர முகத்தைப் பாத்தண்டைக்கு, நான் எழுதினதெல்லாம் பொய்யாப் போச்சோ எண்டு இருந்தது. வா வா எண்டு கூப்பிட்டுட்டு, வந்தாப் பிறகு உமக்குத் தர என்னட்ட ஒண்டுமில்லை. வேலையால வந்தா களைப்பு. வெறும் களைப்பு. உம்மில கோவமில்லை."

"தாறதுக்கு நான் கேட்டனானோ?" அவளுடைய குரல் போனிலும் பின்னாலும் இரண்டு தரம் கேட்டது. "நானும் களைச்சுப் போய்த்தான் வந்தனான். பதின்மூண்டு வருசம் கேக்கிறவைக்கெல்லாம் 'அவர் கூப்பிடுவார், அவர் கூப்பிடுவார்' எண்டு சொல்லிச் சொல்லி. வந்து ஒரு மாசம் படுத்து நித்திரை கொள்ள வேணும் எண்டுதான் ஆசைப்பட்டனான். நீங்கள் விருந்தாளி வந்த மாதிரி ஒவ்வொரு நாளும் கட்டிலில புதுத் துணி விரிச்சியள். நான் எப்பிடிப் படுக்கிறது?"

விக்னராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, அது வரும் வழியிலேயே வேறு என்னவோ ஆனது. மூக்கைச் சட்டைக்கையால் துடைத்தார்.

"ஒருவழி ஏனெண்டா," என்றாள் அவள், "ஏஜென்சிப் பிள்ளை திரும்பிற திகதி கேட்டது. நான் உங்களைப் பாத்தன். நீங்கள் பக்கத்திலதான் நிண்டனீங்கள். சுவரில கிடந்த படத்தைப் பாத்துக்கொண்டு நிண்டியள். இந்த மனிசனுக்கு நான் வேணுமோ வேண்டாமோ எண்டு தெரியாமல் என்ன திகதியைச் சொல்லுறது?"

"வேணும்" என்றார். மிகவும் தாழ்ந்த குரலில், வழிமொழிகிற அங்கத்தவரைப்போல.

போனுக்குள் அவள் மூச்சு கேட்டது.

"நான் போறன். கலியாணத்துக்குப் போகத்தான் வேணும். மிச்சத்தை அங்க போய் யோசிக்கிறன். இப்ப திகதி சொல்ல மாட்டன்."

"சரி."

"கோவமோ?"

"இல்லை. களைப்பு."

"எனக்கும்தான். வீட்டை போவம்."

அவர் போனை இறக்கியபோது வெங்கட்ராமனின் செய்தி வந்து கிடந்தது. 'லைன் கட் ஆயிடுச்சு சார். ரெண்டு தடவ ட்ரை பண்ணேன். நீங்க ரெண்டு பேரும் ஓகேவா? ப்ளீஸ் ரிப்ளை பண்ணுங்க.' விக்னராஜா 'ஓகே' என்று மட்டும் அனுப்பினார். ஆனால் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பைத் துண்டித்தது முறையில்லை என்பது மனதை அரித்தது. அதற்கு இரண்டெழுத்துச் செய்தி போதாது.

மறுநாள் வியாழன் பின்னேரம் அறையில் ஒற்றைக் கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டுக் கடிதம் எழுத இருந்தார். வேலையில் நின்று வந்த கால் இரண்டும் வீங்கியிருந்தன. விமலாதேவி கட்டிலில், பாதி கட்டிய சூட்கேசுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரனின் ரீவி சிரித்தது.

'பெருமதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கினார். முதலாவது பந்தியில் அழைப்பு துண்டிக்கப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். இரண்டாவதில், முந்திய ஐந்து கூட்டங்களின் அறிக்கைகளிலும் பதினான்கு திருத்தங்கள் செய்யப்பட்டு, மனைவியாலும் தன்னாலும் கையொப்பமிடப்பட்டு இத்துடன் இணைக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார். மூன்றாவதில், அனுமதித்த ஆறு கூட்டங்களும் முடிந்து டொக்டர் இன்னும் நாலு கூட்டங்களுக்கு அனுமதி தர வேண்டியிருப்பதால், ஐயா அவருக்கு எழுதுகிற கடிதத்தில் நித்திரை முன்பைவிடச் சற்றுத் திருத்தம் என்று குறிப்பிடலாம் என்றும், நேற்று நாலு மணித்தியாலம் படுத்ததாகவும் எழுதினார். எழுதுவதை அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாயால் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவார்.

"நாலு எண்டோ எழுதினனீங்கள்? அஞ்சு. நான் முழிச்சிருந்து எண்ணினனான்."

நாலை வெட்டி ஐந்தாக்கினார். பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்து வைத்தார்.

"'ஏழாவது கூட்டம் அடுத்த புதன், வழமையான இடத்தில். எட்டாவது கூட்டம் தங்கள் வசதிப்படி...'"

"எட்டாவதைப் பொறுங்கோ."

பேனை நின்றது.

"அதை ஜூன் பதினெட்டுக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"கலியாணம் முடியோணும். நாலாம் சடங்கு முடியோணும். அண்ணன் உடன விடமாட்டான். அம்மாளாச்சிக்கு ஒரு பொங்கல் இருக்கு." இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "அதுக்கு முதல் எனக்கு வர ஏலாது."

விக்னராஜா திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் அறிக்கைக்கு எடுக்கக்கூடியது ஒன்றும் தெரியவில்லை. களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிற பெண்ணின் முகம்தான். அவர் கேட்கவும் இல்லை. 'ஜூன் மாதம் பதினெட்டாந் திகதிக்குப் பின்னர்' என்று எழுதினார். 'அன்றைய கூட்டத்துக்கு இருவரும் சமூகமளிப்போம்' என்று சேர்த்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். கட்டிலில் இருந்து ஆட்சேபனை வரவில்லை.

தாளை மூன்றாக மடித்தார். திருத்திய அறிக்கைகளையும் வைத்து, பெரிய உறையில் போட்டு, பொயிண்ட் குக் முகவரியை எழுதினார். உறையின் விளிம்பை அவள் நாக்கால் நனைத்து ஒட்டினாள். அவர் உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினார். செருப்பைப் போட்டுக்கொண்டு இருவரும் ரயில் ஸ்ரேசன் வரைக்கும் நடந்தார்கள். சிவப்புத் தபால் பெட்டியில் ஐந்து மணிக்கு எடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. மணி நாலே முக்கால். விக்னராஜா உறையை உள்ளே தள்ளி, அது விழுந்த சத்தம் கேட்ட பிறகு கையை எடுத்தார்.